எட்டு வயது இளைய அண்ணன்

காரை அங்கேயா நிறுத்தினீர்கள்? சரிவு அது. பார்த்தால் தெரியாது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறீர்களா? அது மட்டும் போதாது. இருங்கள், பின் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்துவிட்டு வருகிறேன். இல்லையில்லை, நீங்கள் உட்காருங்கள். சரிவில் ஒரு வண்டி நின்றால் என் கை சும்மா இருக்காது.

ம், இப்போது சொல்லுங்கள். காங்கேயமா? பெண்ணுக்கு அப்பாவா? நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களை எனக்கு நடையிலேயே தெரியும். கேட்க வந்ததைக் கேட்காமல் முதலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் மழைக்குப் போவதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன். எந்த வீடு?

அங்கமுத்து வீடா.

தங்காயி, ரெண்டு டம்ளர் மோர் கொண்டா! உப்புப் போட்டுக் கொண்டா. இவர் கொஞ்ச நேரம் இருப்பார்.

என் வீட்டுக்காரி. எழுபதை நெருங்குகிறாள், காது மட்டும் பழுதாகவில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

பையனைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நவநீதன் நல்ல பையன். ஓசூரில் வேலை. ஊருக்கு வந்தால் என்னைப் பார்த்து வணக்கம் வைப்பான். அப்பன் சொல்லிக் கொடுத்த வணக்கம், அதனால் நான் திருப்பி வைப்பதில்லை. பெண் கொடுக்கிற விஷயத்தில் பையனை மட்டும் பார்த்தால் போதுமா? அப்பனையும் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஒரு கால் இழுத்து நடக்கிறான். டீக்கடையில் நாலு பேரைக் கேட்டீர்கள். அவன் லாரி ஓட்டின காலத்தில் குடித்துவிட்டுத் திம்பம் மலையில் வண்டியை மோதினான், அதில் போன கால் என்று சொன்னார்கள். அது நிஜமா பொய்யா, அது தெரிய வேண்டும். அவ்வளவுதானே?

என்னது? மூத்த பெண்ணைக் கொடுத்த இடம் குடியா. திரும்பி வந்துவிட்டதா. குழந்தையோடா.

சரி, சரி. தண்ணீர் குடியுங்கள். இந்த வீட்டில் எப்போதும் தூசி, எனக்கும் அடிக்கடி கண்ணில் விழும்.

அப்படியானால் நீங்கள் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். அன்றைக்கு அந்த வண்டியில் இருந்தது இரண்டே பேர். அவன் ஒருத்தன், நான் ஒருத்தன். மூன்றாவது ஆள் கிடையாது. ஊரில் வேறு யார் சொன்னாலும் அது காதில் விழுந்த கதை. நான் சொன்னால் கண்ணால் பார்த்த கதை.

ஒரே வார்த்தையில் சொல்லச் சொல்கிறீர்கள். முடியாது. நான் யாரைப் பற்றியும் தப்பாகப் பேசுகிற ஆள் இல்லை. அதனால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

முப்பத்தேழு வருஷம் ஆகிறது. நான் அப்போது பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது முப்பத்து மூன்று. மூன்று பிள்ளைகள், கடைசிப் பெண் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் தறிக்காரர் வந்து என் துணியைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, நூல் விட்டிருக்கிறது என்றார். "தறியைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க" என்றேன். "தறி உன்னைய மாதிரி வாய் பேசாதப்பா" என்றார். தறியை நிறுத்தினேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். வந்துவிட்டேன். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது, அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து, "லாரிக்குப் போறேன்" என்றேன். இவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"லாரிக்குப் போயி?"

"ஓட்டப் போறேன்."

"உங்க சைக்கிள்ல பின்னால உக்காந்து எங்க அம்மா வீட்டுக்குப் போனதுல ரெண்டு தடவை சாக்கடையில விழுந்திருக்கறேன். லாரியவா ஓட்டப் போறீங்க? ரோட்டுல போறவங்கெல்லாம் என்ன பாவம் பண்ணுனாங்க?"

இப்படிப்பட்ட பெண்டாட்டியை வைத்துக்கொண்டுதான் நான் முன்னேறினேன்.

எனக்கு ஓட்டத் தெரியாது. எந்தத் தொழிலுக்கும் ஒரு மாதம் போதும் என்று நினைத்திருந்தேன். சங்ககிரியில் ஒரு லாரி முதலாளியைப் போய்ப் பார்த்தேன். ஆறு வண்டி வைத்திருந்தார். "டிரைவரா?" என்றார். "ஆகப் போறேனுங்க" என்றேன். சிரித்தார். மரத்தடியில் உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்த டிரைவர்களைக் கூப்பிட்டு, "யாருக்குடா ஒரு கிளீனர் வேணும்? வயசு முப்பத்தி மூணு, மூணு புள்ளைக்குத் தகப்பன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தன், "பல்லைப் புடிச்சுப் பாத்து வாங்குங்கடா" என்றான். சந்தை மாட்டுக்குச் சொல்கிற மாதிரி.

வயதான கிளீனர் யாருக்கும் வேண்டாம் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கிளீனர் என்றால் பதினேழு பதினெட்டு வயதில் வருவார்கள். திட்டலாம், தண்ணீர் கொண்டுவா என்று ஓட விடலாம். என் மாதிரி ஆளைத் திட்டினால் திருப்பித் திட்டுவான் என்று யாரும் கையைத் தூக்கவில்லை. அங்கமுத்து மட்டும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, "எங்கூட வரட்டுங்க" என்றான். அவனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வயது இருபத்தைந்து. மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

முதல் நாள் வண்டியில் ஏறினதும், "வாப்பா அங்கமுத்து, போலாமா?" என்றேன். என்ன தப்பு? என்னைவிட எட்டு வயது சின்னவன். அவன் சாவியைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"மாரப்பா, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்காதீங்க. வண்டியில டிரைவரை அண்ணேன்னுதான் கூப்பிடணும்."

"நீ என் கடைசித் தம்பியவிடச் சின்னவன்."

"வீட்டுல தம்பிதானுங்க. வண்டியில அண்ணன். மலையில நான் 'கட்டை'ன்னு கத்துனா நீங்க யோசிக்கக் கூடாது. சின்னப்பய சொல்றானேன்னு ஒரு நிமிசம் யோசிச்சீங்கன்னா ரெண்டு பேரும் பள்ளத்துல கிடப்போம்."

கட்டை என்றால் தெரியுமல்லவா? முக்கோணமாகச் செதுக்கின மரக்கட்டை. அந்தக் காலத்து லாரிகளில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருக்கும். மலையேறும்போது வண்டி நின்றுவிட்டால் டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு "கட்டை!" என்று கத்துவான். கிளீனர் கட்டையோடு குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குப் பின்னால் சொருக வேண்டும். இல்லாவிட்டால் பாரம் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பாருங்கள், பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், ஆனால் வாங்க போங்க என்றான். அது என்ன கலப்படம்? டேய் என்றால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது, சண்டையாவது போடலாம். மூன்று பிள்ளைக்குத் தகப்பன் நான், மீசை முளைக்காதவனை அண்ணே என்று கூப்பிட்டேன். முதல் ஒரு வாரம் அண்ணே என்று சொல்லாமல் இருமிச் சமாளித்தேன். ஒரு வாரம் கழித்து அவன் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தான். நக்கல்.

பதினோரு மாதம். பதினோரு மாதம் ஸ்டியரிங்கைத் துடைத்தேனே தவிரப் பிடிக்கவில்லை. கண்ணாடி துடைத்தேன், தார்ப்பாய் கட்டினேன், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன், சோறு ஆக்கினேன். மீதி நேரமெல்லாம் இடது பக்கம் பார்க்க வேண்டும். டிரைவருக்கு இடது பக்கம் சரியாகத் தெரியாது, கிளீனர்தான் கண். சரி, பார்க்கலாம். ஆனால் பார்த்ததை வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்றான். "சைக்கிள் போகுதுங்ண்ணே. பள்ளம் இருக்குதுங்ண்ணே. எருமை நிக்குதுங்ண்ணே." மைசூர் வரைக்கும், பெங்களூர் வரைக்கும். நான் என்ன ரேடியோவா? "நான் எப்ப கியர் மாத்துறேன், எதுக்கு மாத்துறேன்னு அதையும் சொல்லிட்டு வாங்க" என்றான். என் வாயை அடக்குவதற்கு அவன் கண்டுபிடித்த வழி இது. எருமையை எண்ணுகிறவன் எங்கே தறிக்காரரைப் பற்றிப் பேசுவது?

வேலைக்குச் சேர்ந்த வாரமே லைட் லைசென்ஸ் எடுக்க இழுத்துக்கொண்டு போனான். ஒரு வருஷம் கழித்துத்தான் ஹெவி தருவார்களாம். "நான் உங்களைக் கேட்டனா?" என்றேன். "இன்னைக்கு எடுத்தாத்தானுங்க ஒரு வருசம் இன்னைக்கு ஆரம்பிக்கும்" என்றான். எல்லாம் தெரிந்த மாதிரிப் பேச்சு.

இன்னொன்று கேளுங்கள். எந்த லோடு ஏற்றிக்கொண்டு வந்தாலும் வண்டியை என் வீட்டுச் சந்து முனையில் கொண்டுவந்து நிறுத்துவான். சுற்றுவழி அது. "தண்ணி குடிச்சிட்டுப் போலாம்" என்பான். ஒரு மணி நேரம் தண்ணீர் குடிப்பான். நான் பிள்ளைகளோடு இருக்கிற நேரமெல்லாம் இவன் என் வீட்டுத் திண்பண்டத்தைத் தின்றுகொண்டு பின்னால் தென்னை மரத்தடியில் படுத்திருப்பான். என் மூத்தவளைத் தூக்கி சீட்டில் வைத்து ஹாரன் அடிக்கச் சொல்லிக் கொடுத்தான். அவள் அதற்கப்புறம் அப்பா என்று என்னைத் தேடவில்லை, ஹாரனைத்தான் தேடினாள். வெங்காய லோடு ஏற்றி வந்தால் ஒரு பை வெங்காயம், திராட்சை ஏற்றி வந்தால் ஒரு கூடை திராட்சை இங்கே இறக்கி வைப்பான். அவனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, வைக்க வேறு இடம் இல்லை.

அது ஒன்றுமில்லை. உள்ளே பூனை எதையோ தள்ளியிருக்கும். எங்கள் வீட்டுப் பூனைக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பன்னிரண்டாவது மாதம் திம்பம். நாமக்கல்லில் கோழித் தீவனம் ஏற்றிக்கொண்டு மைசூர் போனோம். மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. காலை பத்து மணி இருக்கும், பளீரென்ற வெயில். ஒன்பதாவது வளைவில் எதிரே ஒரு பஸ் இறங்கியது. நம் வண்டி நின்றது. என்ஜின் அணைந்தது. அப்புறம் வண்டி பின்னால் போனது. ஏன் போனது, எப்படிப் போனது என்பதெல்லாம் நீளம். பின்பக்கம் போய்ப் பாறையில் மோதியது. அவன் கால் மாட்டிக்கொண்டது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

இன்னொரு பாத்திரம். பூனை இன்று மும்முரமாக இருக்கிறது.

மூட்டைகள் கிழிந்து ரோடெல்லாம் தீவனம். குரங்குகள் இறங்கி வந்தன. உங்களுக்குத் தெரியாது, கோழித் தீவனத்தில் கருவாட்டுத் தூள் கலந்திருக்கும். ஒரு குரங்கு எடுத்து வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தது பாருங்கள், தறிக்காரர் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்த அதே பார்வை. போலீஸ் வந்தது. முதலாளி வந்தார். அங்கமுத்து ரோட்டோரம் கிடந்தபடியே, "நான்தானுங்க ஓட்டுனேன். என் தப்புதானுங்க" என்றான். எழுதிக்கொண்டார்கள். அவன் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஒன்பதாவது நாள் எனக்கு ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்தது. வண்டிக்குப் பாடி கட்டி முடித்ததும் முதலாளி சாவியை என்னிடம் கொடுத்தார். "அங்கமுத்து ஆஸ்பத்திரியில இருந்து சொல்லி அனுப்புனான், உனக்குத்தான் குடுக்கணும்னு" என்றார். எனக்குச் சிபாரிசு செய்ய அவன் யார்? என் திறமையைப் பார்த்துக் கொடுத்தார் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து அங்கமுத்து தடி ஊன்றிக்கொண்டு லாரி செட்டுக்கு வந்தான். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் இடது கால் கிளட்சை மிதிக்காது. முதலாளி, "கிளீனரா வேணா ஏறிக்கடா" என்றார். எந்த வண்டியில் ஏறினான்? என் வண்டியில்.

நான் சாவியைப் போடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் புரியட்டும் என்று. இத்தனை நாள் நான் பட்டதை இன்றைக்கு அவன் படட்டும் என்று. அவன் ஏறி உட்கார்ந்தான், தடியைச் சீட்டுக்குப் பின்னால் வைத்தான், கதவைச் சாத்தினான். "போலாமுங்ண்ணே" என்றான்.

அவ்வளவுதான். நாக்கு ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. இருமவில்லை. நான் எட்டு மாதமாகக் காத்திருந்த நிமிஷத்தை அவன் ஒரு வாய் வெற்றிலை மாதிரி மென்றுவிட்டான். ஒன்றரை வருஷம் என் வண்டியில் இருந்தான். தினம் நூறு தடவை அண்ணே. எருமை நிக்குதுங்ண்ணே. பள்ளமுங்ண்ணே. ஒரு தடவையாவது முகம் சுளிப்பானா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே ஓட்டி ஓட்டி என் கழுத்து ஒரு பக்கம் திரும்பாமல் போய்விட்டது. இப்போதும் பாருங்கள், இந்தப் பக்கம் திரும்பாது. அந்தக் கழுத்துக்கு அவன்தான் பொறுப்பு.

அப்புறம் பஞ்சர் கடை வைத்தான். அதுவும் நன்றாக ஓடித் தொலைத்தது. முப்பத்து நாலு வயதில்தான் கல்யாணம் ஆயிற்று. யாரும் பெண் கொடுக்கவில்லை. கால் ஒரு காரணம், குடி என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது, அது ஒரு காரணம்.

அந்தப் பேச்சை யார் கிளப்பினார்கள் என்று கேட்கிறீர்களா? சத்தியமாக நான் இல்லை. விபத்து நடந்த வாரம் டீக்கடையில் ஒருத்தன் கேட்டான், "பகல்ல, நேரா நின்ன வண்டிய எப்படிப்பா பின்னால விட்டான்? ஊத்தியிருந்தானா?" என்று. "எனக்கென்ன தெரியும்?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? ஊத்தினான் என்றேனா? ஊத்தவில்லை என்றும் சொல்லவில்லை. ஒரு ஆளைப் பற்றிச் சொல்லாமல் விடுவதெல்லாம் தப்பு என்றால் நான் ஊரில் எல்லாரைப் பற்றியும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? மோர் இன்னும் வரவில்லை.

ஓ. புரிந்துவிட்டதா. அவன் குடிக்கவில்லை என்று கூட இருந்த கிளீனரே சொல்லவில்லையே, அது போதும் என்கிறீர்கள். வீட்டுக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறீர்கள். உங்கள் இஷ்டம். அவர்கள் பூ வைக்க நாள்கூடப் பார்த்துவிட்டார்கள் என்று கேள்வி. அதனால் என்ன, நாள் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

போகும்போது அந்த டீக்கடைக்காரனிடம் சொல்லுங்கள், என் வீட்டுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் டீத்தூள் பாக்கெட்டும் கூடவே அனுப்பச் சொல்லி.

என்னது? டீக்கடைக்காரன் அனுப்பவில்லையா?

பின்னே யார்?

அங்கமுத்துவா?

அவனா அனுப்பினான்? நீங்கள் அவனிடமே நேராகக் கேட்டீர்களா, குடித்துவிட்டு மோதினீர்களா என்று? பரவாயில்லை, காங்கேயத்தில் ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன சொன்னான்? இல்லை என்றானா?

இல்லை என்றும் சொல்லவில்லையா.

திருப்பிச் சொல்லுங்கள். அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம்.

"நான் சொன்னா என் பையனுக்காகச் சொல்ற மாதிரி இருக்குமுங்க. அங்க மாரப்பண்ணன் மட்டும்தான் இருந்தாரு. அவரு என்ன சொல்றாரோ அதுதான்."

மாரப்பண்ணன் என்றானா? மாரப்பன் என்று சொல்லவில்லை? நீங்கள் சேர்த்துக்கொள்ளவில்லையே? வண்டியை விட்டு இறங்கி முப்பத்து நாலு வருஷம் ஆகிறது. தெருவில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன், திரும்பாத கழுத்தோடு. அண்ணனாம்.

வந்துவிட்டாயா தங்காயி. மோரை வைத்துவிட்டுப் போ. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்காதே, விருந்தாளி இருக்கிறார்.

"இப்ப நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

உனக்கென்ன தெரியும்? நீ அங்கே இருந்தாயா?

"நான் இங்கதானுங்க இருந்தேன், முப்பத்தாறு வருசமா, பக்கத்துல படுத்துக்கிட்டு. ஏனுங்க காங்கேயத்தய்யா, நீங்களே கேளுங்க. இவரு தூக்கத்துல 'கட்டை'ன்னு கத்திட்டுக் கட்டில விட்டுக் குதிக்கறாரு. மலையில கத்தறது டிரைவரு, குதிக்கறது கிளீனரு. இவரு ரெண்டையும் ஒரே ஆளா பண்றாரு. இதுக்கு என்னங்க அர்த்தம்?"

பார்த்தீர்களா? பள்ளிக்கூடம் போகாதவள். போயிருந்தால் என்னைத் தூக்கிலேயே போட்டிருப்பாள்.

உட்காருங்கள். உட்காருங்கள் என்கிறேன். போனைக் கீழே வையுங்கள்.

அன்றைக்குக் காலையில் அடிவாரத்தில் டீ குடித்தோம். டீதான். அவன் குடித்ததெல்லாம் டீதான், அதுவும் சர்க்கரை கம்மியாக. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அவன் வேறு எதையும் குடித்து நான் பார்த்ததில்லை, அப்புறம் ஒன்றரை வருஷத்திலும் பார்த்ததில்லை. லாரி டிரைவராக இருந்துகொண்டு அதுகூடத் தெரியாதவன். டீ குடித்துவிட்டு, "மாரப்பா, அடுத்த வாரம் டெஸ்ட்டு. மலையையும் ஒரு தடவை பாத்துருங்க, நான் பக்கத்துல இருக்கறேன்" என்று சாவியை என் கையில் கொடுத்தான். ஒரு மாதமாகச் சமவெளியில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். ஸ்டியரிங்கைப் பிடிக்கவே இல்லை என்று முதலில் சொன்னேனே, அது பதினோரு மாதத்துக்குச் சொன்னது. பன்னிரண்டாவது மாதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை.

எட்டு வளைவு ஏற்றிவிட்டேன். நன்றாகத்தான் ஏற்றினேன். அவன் இடது பக்கம் உட்கார்ந்து எனக்கு எருமை சொல்லிக்கொண்டு வந்தான். ஒன்பதாவதில் பஸ் வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. அதுவரைக்கும் எல்லாம் சரி. டிரைவர் என்ன செய்ய வேண்டும்? "கட்டை!" என்று கத்த வேண்டும். கத்தினேன். எப்படிக் கத்தினேன் தெரியுமா, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் தலையை நீட்டினார்கள்.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் நான் குதித்துவிட்டேன்.

சிரியுங்கள். சிரித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதம் யோசிக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது என்று பழக்கினது யார்? கட்டைகூட வழக்கப்படி என் காலடியில்தான் கிடந்தது. கத்தினதும் நான், கட்டையை எடுத்ததும் நான், கதவைத் திறந்து குதித்ததும் நான். பின் சக்கரத்துக்கு ஓடும்போது மனசில் ஒரு பெருமை வேறு, இன்றைக்கு வேகமாக இறங்கிவிட்டோம் என்று. சக்கரம் என்னைத் தாண்டிப் போனது. அப்போதுதான் நினைத்தேன், யார் பிரேக்கில் கால் வைத்திருக்கிறார்கள் என்று.

யாருமில்லை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம். அவன் பக்கத்துக் கதவைத் திறந்து குதித்திருந்தால் பாறையோரமாகத் தப்பித்திருப்பான். வண்டி போனால் முதலாளி வண்டி, அவனுக்கென்ன? பின்னால் ஒரு வேன் வந்து நின்றிருந்தது, ஆள்கள் இருந்தார்கள். அவன் என்ஜின் பெட்டி மேல் பாய்ந்து இந்தப் பக்கம் வந்து, தலைகீழாக விழுந்து பிரேக்கைக் கையால் அழுத்தி, இன்னொரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்துப் பாறைப் பக்கம் விட்டான். கால் கியர் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இறக்கிப் படுக்க வைத்ததும் முதலில் என்ன சொன்னான் தெரியுமா? "ஹெவி லைசென்ஸ் இல்லாம ஓட்டுனீங்கன்னு தெரிஞ்சா உள்ள வெச்சிருவாங்க. மூணு புள்ளைங்க இருக்குது. நான் ஓட்டுனேன். நீங்க கட்டையோட நின்னீங்க. அவ்வளவுதான். கட்டையக் கீழ போட்டுராதீங்க, போலீஸ் பாக்கட்டும்."

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. லாரி டிரைவர், கால் இரண்டு துண்டாகக் கிடக்கிறது, ஒரு கெட்ட வார்த்தை சொல்ல வேண்டாமா? அவனுக்குத் தெரியாத கெட்ட வார்த்தையா? கன்னடத்திலேயே அவனுக்கு நாற்பது தெரியும். ஒன்று, ஒன்றே ஒன்று என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். சொல்லவே இல்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவனோடு எப்படிப் பழகுவது, நீங்களே சொல்லுங்கள்.

போதுமா தங்காயி? உள்ளே போ. என்னது கண்ணில்? தூசியா? சொன்னேன் அல்லவா, இந்த வீட்டில் தூசி.

மோரைக் குடியுங்கள். குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இங்கிருந்து நேராகப் போய் வேப்பமரத்தில் இடது கைப்பக்கம் திரும்பினால் அவன் வீடு. நேராக அங்கே போங்கள். நான் சொன்னதை அப்படியே அவனிடம் சொல்லுங்கள், ஒரு வார்த்தை குறைக்க வேண்டாம். கூட்டவும் வேண்டாம். நான் அவனைப் புகழ்ந்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். புகழவில்லை. விசாரித்தீர்கள், சொன்னேன். போகிற வழியில் டீக்கடையிலும் சொல்லுங்கள். இல்லை, அங்கே நான் போய்ச் சொல்கிறேன். நான் விட்ட இடம் அது.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருவான். வரட்டும். வாசலில் சரிவு என்று சொல்லி வையுங்கள், வண்டியை அந்தப் பக்கம் மேட்டில் நிறுத்தட்டும். வேண்டாம், சொல்லாதீர்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பானா? இங்கேயே நிறுத்தட்டும். கல் நான் வைத்துக்கொள்கிறேன்.

இருங்கள், இருங்கள், கல்லைத் தொடாதீர்கள்! நீங்கள் முதலில் ஏறி உட்காருங்கள். உட்கார்ந்தீர்களா? பிரேக்கில் கால் வைத்தீர்களா? நன்றாக மிதியுங்கள். ஆள் சீட்டில் இல்லாமல் நான் கல்லை எடுக்க மாட்டேன்.

எடுத்துவிட்டேன். இடது பக்கம் நான் பார்க்கிறேன். ஒரு எருமையும் இல்லை. வரட்டும்... வரட்டும்... ரைட்டு.